பாதியில் வெட்டிய நீல வயர்

போன மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு வாடகைக் காரில் போனேன். ஏறி உட்கார்ந்ததும் என் கண்ணில் பட்டது டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் வயர். முனையில் சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் இளகிப் பிரிந்து கிடந்தது. அந்தப் பசைக்கு ஒரு வாடை உண்டு. ரப்பரும் இல்லை, தாரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அது மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிடும்.

"அண்ணே, இந்த ஸ்டீரியோ செட்டு யாரு மாட்டுனது?" என்று கேட்டேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மா, நீங்க இன்சூரன்ஸா?"

வெளியாள் வயரில் கை வைத்திருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுப்பதுண்டு. இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பாட்டுக்கூடப் போடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காருக்கு வெளிக்கடையில் வாங்கிய ஸ்டீரியோவை மாட்டுகிற தொழிலில் நான் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம்தான்.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் போய் நின்றேன். கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பில் போடத்தான் என்னை எடுத்தார். இரண்டே மாதத்தில் வயர் மாட்டுகிறவர் கோபித்துக்கொண்டு போய்விட, நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். எங்கள் வீடு இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

ஒரு பெண் டேஷ்போர்டைக் கழற்றுவதைப் பார்த்தால் வண்டிக்காரர்கள் கிட்டே வந்து நிற்பார்கள். "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்பார்கள். "வந்தாச்சு" என்பேன். அதற்குப் பிறகு வண்டியை விட்டு நகர மாட்டார்கள். ஒருவர் நான் கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் முகத்தையும்தான்.

வழி காட்டுகிற மேப் வந்த பிறகு சந்தேகம் இன்னும் கூடியது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அது வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மேப்பில் அது ரோடு; வழி சொல்வது ஒரு பெண் குரல். மறுநாள் வந்து, "அந்தப் பொம்பள பொய் சொல்லுதா. யார்ட்டயோ துட்டு வாங்கிட்டுத்தான் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறா" என்று அடித்துச் சொன்னார். மேப்பைப் புதுசாக ஏற்ற வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க அரை நாள் ஆயிற்று. அப்போதும் அந்தக் குரல் மேல் இருந்த கோபம் போகவில்லை.

ரிட்டயர்ட் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தது அந்தச் சமயத்தில்தான். மீசையை வெள்ளையாகவே விட்டிருந்தார். முழங்கால் வலி, ஓட்ட முடியாது. டிரைவர் குருசாமிதான் ஓட்டுவார். குருசாமிக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் மடவார் வளாகத்துக்காரர். காலை பஸ்ஸில் சில நாள் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

இன்ஸ்பெக்டர் பெரிய திரையும் மேப்பும் உள்ள செட் ஒன்றைக் கேட்டார். சீட்டுக்கடியில் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் ஒன்றும் வைக்கச் சொன்னார். அண்ணாச்சி உள்ளேயிருந்து பெட்டியைத் தானே பிரித்து, செட்டை மட்டும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வழக்கமாகப் பெட்டியோடுதான் கொடுப்பார். அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

இந்த செட்டுகளில் நாலு வயர்தான் முக்கியம். மஞ்சள் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். நேரம், ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகாமல் இருக்க. சிவப்பில் சாவி திருகினால்தான் வரும். கறுப்பு எர்த். நீலம், செட் ஓடும்போது மட்டும் ஆம்பை எழுப்பிவிடுகிற வயர். அந்த செட்டில் நீல வயர் ஒரு விரல் நீளம் மட்டும் மிஞ்சும்படி வெட்டப்பட்டிருந்தது.

"அண்ணாச்சி, புது செட்டுல நீல வயரு பாதில வெட்டிக் கெடக்கு."

"கம்பெனில இருந்தே அப்படித்தாம்மா வருது. நீ மாட்டு."

நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருந்தால் வேலை கூடும். வெட்டிய வயரில் ஒட்டுப் போட்டுச் சீட்டுக்கடிவரை இழுக்க வேண்டும். இன்ஸ்பெக்டரோ நாலு தரம் மணி பார்த்துவிட்டார். ஆம்பை எழுப்புகிற வயரை, சீட்டுக்கடியில் ஆம்புக்கு வருகிற மஞ்சளோடு சேர்த்து முறுக்கி டேப்பைச் சுற்றினேன். பாட்டு வந்தது. அடுத்த வாரம் வரச்சொல்லிச் சரியாக மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் எனக்கு ஞாபகமே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கார் திரும்பி வந்தது. வண்டி நிற்பதற்குள் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துவிட்டார்.

நடந்தது இது. அவரும் அவர் மனைவியும் சென்னையில் மகன் வீட்டில் இரண்டு வாரம் இருந்திருக்கிறார்கள். சாவி குருசாமியிடம். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. வேறு பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்த பிறகு, இன்ஸ்பெக்டர் ரேடியோவைத் தேடி எதையோ அமுக்க, அதுவரை அவர் தொட்டதே இல்லாத மேப்பில் கடைசியாகப் போன இடங்களின் பட்டியல் வந்திருக்கிறது. பிளவக்கல் அணை. வத்திராயிருப்பு. மறுபடி பிளவக்கல் அணை.

"நான் ஜென்மத்துல பிளவக்கல்லுக்கு இந்த வண்டில போனதில்ல. பாட்டுப் போட்டுட்டு ஊரு சுத்திருக்கான். பேட்டரி சாகாம என்ன செய்யும்?"

குருசாமி வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். "ஐயா, சத்தியமா கேட்டத் தாண்டி வண்டிய எடுக்கல."

"கிலோமீட்டர் பாத்தீங்களா ஐயா?" என்று நான் கேட்டேன்.

"போறப்ப குறிச்சு வைக்கல. இவன நம்புனேம்லா."

அதைக் கேட்டதும் குருசாமி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சாவியை உருவிவிட்டுச் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்தேன். ஆம்பின் சின்ன லைட் எரிந்துகொண்டிருந்தது. சாவி இல்லாத வண்டியில் அது அணைந்திருக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. என் கை முறுக்கிய மஞ்சள் வயர்தான். இரவும் பகலும் அந்த ஆம்ப் தூங்காமல் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது. ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் அது எந்த மூலைக்கு?

தப்பு என்னுடையது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இப்படி: "ஐயா, வயரு மாறிருக்கு."

மாறியிருக்கிறதாம். தானாகவே நடந்துபோய் மாறிக்கொண்டது போல.

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார். "ஏலே, வயருல கை வச்சியா?"

"நான் எதுக்கு ஐயா கை வைக்கேன்?"

"சாவி இல்லாமலே பாட்டுக் கேக்கதுக்கு!"

குருசாமி என்னைப் பார்த்தார். நான் சீட்டுக்கடியைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. அதில் அழுக்கே இல்லை.

பட்டியலைப் பார்ப்பதுபோல் முன்சீட்டில் போய் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். திரையின் மூலையில் வீடு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அமுக்கினால் நாம் வீடு என்று குறித்துவைத்த இடத்துக்கு வழி காட்டும். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே என்று அமுக்கினேன். ராஜபாளையத்தில் உள்ள இன்ஸ்பெக்டர் வீட்டைக் காட்டவில்லை. கோடு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போய், கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு தெருவில் நின்றது.

செட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். நான் சுற்றாத டேப்பின் பழைய பசை. என்னுடையதல்லாத ஸ்க்ரூ கீறல். அந்த வெட்டிய நீல வயர். இது வேறு யார் வண்டியிலோ ஓடிவிட்டு வந்த செட்.

உள்ளே போய் அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அதிரவே இல்லை. "ஒருத்தரு பிடிக்கலன்னு திருப்பிக் குடுத்தாரு. பத்து நாளுதான் ஓட்டுனாரு, அம்புட்டுத்தான். ரீசெட் போட்டு எல்லாத்தையும் அழிச்சு அனுப்பு."

"அந்த டிரைவர் வேலை போயிரும் அண்ணாச்சி."

"ஏட்டி, உன் வேலை வேணுமா வேண்டாமா?"

மறுபடி வண்டிக்கு வந்தேன். ரீசெட் என்றால் ஒரு பட்டன்தான். அமுக்கினால் பிளவக்கல் போய்விடும், கிருஷ்ணன்கோவில் வீடும் போய்விடும், குருசாமி திருடன் என்பது மட்டும் இன்ஸ்பெக்டர் மனதில் நிற்கும். எனக்கு அந்த நேரத்தில் தைரியமெல்லாம் வரவில்லை. நாளைக் காலையில் அதே பஸ்ஸில் குருசாமி ஏறுவாரே என்ற எண்ணம்தான் வந்தது.

"ஐயா, செத்த இங்க வாங்க. உங்க வீடு எங்க இருக்கு? இதுல வீடுன்னு எத வச்சிருக்கு பாருங்க."

அவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு. மடவார் வளாகம்."

"அவனும் அங்கனதான். ரெண்டு பேரும் சொல்லி வச்சுப் பேசுதீங்களா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் செட்டை முழுக்க உருவி அவர் மடியில் வைத்தேன். பழைய பசையையும் கீறலையும் வெட்டிய வயரையும் தொட்டுக் காட்டினேன். "இது உங்களுக்கு முந்தி இன்னொருத்தர் வண்டில ஓடுன செட்டு. பிளவக்கல் போனது அவிய. பேட்டரி இறங்குனது என் தப்பு. அவசரத்துல வயர மாத்தி முறுக்குனது நான். குருசாமி அண்ணன் எதையும் தொடல."

இன்ஸ்பெக்டர் நகத்தால் அந்தப் பசையைச் சுரண்டிப் பார்த்தார். எழுந்து, வலிக்கிற காலோடு நேராக அண்ணாச்சி மேசைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் சீல் பிரிக்காத பெட்டி ஒன்று வெளியே வந்தது. அதை மாட்டினேன். நீல வயரை அதன் இடத்தில் மாட்டினேன். அந்தக் கடையில் நான் செய்த கடைசி வேலை அதுதான்.

போகும்போது இன்ஸ்பெக்டர், "சரி குருசாமி, வண்டிய எடு" என்றார். வேறு வார்த்தை இல்லை. குருசாமி எடுத்தார். வீட்டில் கொண்டு விட்டு, சாவியை இன்ஸ்பெக்டர் மனைவி கையில் கொடுத்தவர் மறுநாளிலிருந்து போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு லேப் வேலை கிடைத்தது. முதல் நாள் கல்லூரி பஸ்ஸில் ஏறினால் ஸ்டீயரிங்கில் குருசாமி. "வா தாயி" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். என்னால் காப்பாற்றப்பட்டவர் என்றுகூட உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது, மறைக்கவில்லை. ஒரு வருஷம் அந்த பஸ்ஸில் போய்வந்தேன். மழை, வெயில், அவர் மகள் கல்யாணம் எல்லாம் பேசுவோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் இடது பக்க ஸ்பீக்கர் கரகரவென்று அறுத்தது. பிள்ளைகள் எல்லாம் இறங்கியதும் முன்னால் போய், "அண்ணே, வயரு லூசா இருக்கும். ரெண்டு நிமிஷம், பாத்துத் தாரேன்" என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம் தாயி. நீ தொடாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீட்டிய கையை எடுக்காமல் நின்றேன்.

"அன்னைக்கு வயரு மாறிருக்குன்னு சொல்லிட்டுச் சும்மா நின்ன பாரு. நான் உன்னயப் பாத்தேன். நீ குனிஞ்சுக்கிட்ட. பொறவு எல்லாம் சொன்ன, இல்லன்னு சொல்லல. ஆனா அந்தச் செத்த நேரம் எனக்கு மறக்க மாட்டேங்குது."

"அண்ணே..."

"போ தாயி, லேட்டாச்சு" என்று பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகும் தினம் "வா தாயி" என்றுதான் சொன்னார். நான்தான் பின்சீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய் முறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டு, கல்யாணமாகி, வெளியூர் போய், திரும்பி வந்து, ஒரு வழியாகப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டி, "அவிய மக கூடத் திருப்பூருக்குப் போய்ட்டாவ. நீங்க யாரு?" என்று கேட்டாள். தெரிந்தவள் என்றேன். தெருமுனை திரும்பும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இப்போது வருகிற கார்களில் திரை கம்பெனியிலிருந்தே வருகிறது. யாரும் டேஷ்போர்டைக் கழற்றுவதில்லை. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். இன்ஸ்பெக்டர் காலமாகிவிட்டார், கார் யாரிடம் போனதென்று தெரியவில்லை. குருசாமியின் வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். வாசலில் கேமரா இருக்கிறது. போன மாதம் வாடகைக் காரை அந்தத் தெருவில்தான் நிறுத்தச் சொன்னேன். இறங்கவில்லை. காரில் இருந்தபடியே விசாரித்தேன், அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் இப்போது அங்கே இல்லை. குருசாமி இப்போது திருப்பூரில் எங்கே இருக்கிறார் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவருமில்லை.