பட்டியலுக்கு வெளியே போன பாட்டு

என் காதை நானே நம்பாமல் போனதற்கு ஒரு சிநேகிதன் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் கொஞ்சம் ஆத்திரம் அடங்கும்.

கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பார்ப்பது என் வேலை. காயைத் தட்டில் பரப்பி, நிறம் பார்த்து, இரண்டை உடைத்து மோந்து, எந்தத் தரம் என்று சொல்வேன். அந்தச் சிநேகிதன் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் மேனேஜர். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் வளர்ந்தவர்கள் நாங்கள். ஹோம்ஸ்டேயில் தங்க வந்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து அவன் பிடித்துக்கொண்டு வந்ததுதான் சோல் பாட்டு. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் ஆலயத்தில் பாடிப் பழகிய குரலை வெளியே கொண்டுவந்து காதலுக்கும் பிரிவுக்கும் பாடியது அது. முதல் தடவை கேட்டபோதே எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் ஜெபக்கூட்டத்தில் கைதட்டல் ஏற ஏற, ஏதோ ஓர் அம்மாவின் குரல் ஓரிடத்தில் உடையும். அந்த உடைவு இதிலும் இருந்தது.

கொஞ்ச நாளில் அவன் ஓர் இணைய இதழில் இசை பற்றி எழுத ஆரம்பித்தான். பெயருக்குக் கீழே 'விமர்சகர்' என்று வேறு போட்டார்கள். ஒருநாள் கடைக்கே வந்துவிட்டான்.

"மாப்ள, தலைசிறந்த முப்பது சோல் சிங்கிள்ஸ்னு ஒரு லிஸ்ட் கேக்குறாய்ங்க. நீயும் நானும் சேந்து போடுவோம். ஒன் காது எனக்கு வேணும்டா."

சிங்கிள் என்றால் தனியாக வெளிவந்த ஒற்றைப் பாட்டு. என் காது வேண்டும் என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. விழுந்துவிட்டேன்.

எப்படித் தரம் பிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். எங்கள் கடையில் மாதிரித் தட்டில் எண் மட்டும்தான் இருக்கும். யார் தோட்டத்துக் காய் என்று தெரிந்தால் கண் தானாக வளையும். பாட்டுக்கும் அதையே வைத்தோம். பாடியவர் பெயர் கிடையாது, எண் மட்டும். நாற்பது பாட்டு கேட்டு, அவரவர் தாளில் அவரவர் வரிசை எழுதி, பிறகு பேசி முப்பதை எடுக்க வேண்டும். கடையில் இன்னொரு விதியும் உண்டு. தட்டு வைக்கிறவன் தரம் சொல்லக் கூடாது. பாட்டெல்லாம் அவன் போனில் இருந்ததால் எண் போட்டது அவன்தான். இதை நான் கிளறவில்லை. சிநேகிதனிடம் போய் அதைக் கேட்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி அவனிடம் போய்விடுவேன். மழைக்காலம் முழுக்கக் கேட்டோம்.

அந்த நாற்பதில் ஒன்றை மட்டும் எனக்கு எண் மறைக்கவில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி அதே ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்த்தாள். தங்கியிருந்த ஒரு பெண் காலையில் போட்டுக் கேட்ட பாட்டைத் தன் போனில் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பெண்குரல், மூன்று நிமிடம்கூட இல்லை. எங்கள் முதல் குழந்தை தங்காமல் போன வருடம் அவள் யாரிடமும் பேசவில்லை. பாத்திரம் கழுவும்போது ஜன்னலில் போனை வைத்து அதையே போடுவாள். அர்த்தம் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது பாடி முடித்த பிறகுதான் "சாப்பிட வாங்க" என்பாள். அந்தப் பாட்டை நான் முதலிடத்தில் எழுதினேன்.

அவன் கடைசியில் எழுதியிருந்தான். நாற்பதில் நாற்பது.

"இது ரொம்ப ஒப்பாரிடா" என்றான். "கட்டுப்பாடு இல்ல. விவரம் தெரிஞ்சவன் இத வைக்க மாட்டான்."

அவனுடைய மற்ற தேர்வுகளைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருந்தது. நான் சாதாரணமாகக் கடந்துபோன பாட்டை எல்லாம் மேலே வைத்திருப்பான். பிறகு அவனிடம் பெயரைக் கேட்டுத் தேடிப் படித்தால் உலகத்து விமர்சகர்களும் அதையே புகழ்ந்திருப்பார்கள். இவனுக்கு எப்படி இப்படி ஒரு காது என்று ஆச்சரியப்பட்டேன். என் காது நாட்டுக்காது என்று வெட்கப்பட்டேன். முதலிடத்திலிருந்த பாட்டைப் பத்துக்கு இறக்கினேன், பிறகு இருபதுக்கு, பிறகு பட்டியலைவிட்டே எடுத்தேன். பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஒரு பாட்டைப் பற்றியும் குறிப்பு வேண்டும் என்று இதழில் கேட்டார்கள். அந்தப் பாட்டைப் பற்றியே நான் எழுதினேன். 'கண்ணீர் அதிகம், கலை குறைவு' என்று எழுதினேன். என் பெயரில் வந்தது.

மனைவி போனில் பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள்.

"நம்ம பாட்டு இல்லையேங்க?"

அது ஏன் அத்தனை உயர்ந்த பாட்டு அல்ல என்று அவளுக்கு விளக்கினேன். அவன் சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

பட்டியல் வந்து சில வாரம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். வாசலில் விருந்தாளிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் போனில் சார்ஜ் இல்லை. "மேசை டிராயர்ல சார்ஜர் இருக்கு, எடுத்துக்க" என்றான். எடுக்கப் போன இடத்தில் ஒரு கற்றைத் தாள் இருந்தது. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகை, பல விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கிப் போட்ட சோல் பட்டியல். ஓரத்தில் அவன் கையெழுத்தில் எங்கள் எண்கள். மேலிருந்து கீழே அவன் என்னிடம் காட்டிய வரிசை அப்படியே இருந்தது, ஒன்றுகூட மாறாமல். எனக்கு நன்றாகக் காது குத்தியிருக்கிறான்.

அவன் உள்ளே வந்ததும் தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"டேய், எத்தன பெரிய ஆளுங்க சேந்து போட்ட லிஸ்ட்டு" என்றான். "நான் என்னத்தக் கண்டேன்? இதப் பாத்து எழுதுனா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு பாத்தேன்."

"அந்தப் பாட்டு?"

"அது இதுல இல்லவே இல்லையேப்பா. அதான் கடைசில போட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கும் அதாண்டா பர்ஸ்ட்டு. தனியா இருக்கும்போது அதத்தான் கேப்பேன்."

அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. அவனுக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை என்றால் மன்னித்திருப்பேன். பிடித்திருந்தும் என்னை முட்டாளாக உட்காரவைத்து, என் கையாலேயே அந்தப் பாட்டை வெட்டவைத்தான். தாளை அவன் மேசையில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை.

வீட்டில் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். துரோகி என்றேன், இனி அவன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவரு உங்கள ஏமாத்துனாரு, சரிங்க" என்றாள். "அந்தப் பாட்டு எனக்கு என்னன்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடேன், கேட்கலாம் என்றேன்.

"அது இல்லங்க. நீங்க எழுதுனத வாசிச்ச அன்னைக்கே போன்லருந்து அழிச்சுட்டேன்."

அந்தப் பாட்டு இணையத்தில் கிடக்கிறது, ஒரு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.