மூன்றாம் நம்பர் சர்வரின் சுறுசுறுப்பு

குணவதிக்கு அந்த வேலையில் சொல்லிக்கொடுத்தது மூன்றே விஷயம். திரை பச்சையாக இருந்தால் சும்மா இரு. மஞ்சளானால் நோட்டில் எழுது. சிவப்பானால் எஞ்சினியர் சுகுமாரனைக் கூப்பிடு. அவ்வளவுதான்.

"இதுக்கு எதுக்கு ஆளு? ஒரு மணியக் கட்டித் தொங்கவிட்டா போதாதா?" என்று முதல் நாளே கேட்டாள். மேனேஜர் ஹைக்கல் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கேள்வி கேட்காமல் இருக்க அவளால் முடியாது. வயது நாற்பத்தாறு. படிப்பு பாரம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்றுபோனது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபத்தொரு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சர்க்யூட் போர்டில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தவள். ஒரு நாள் அந்த வேலைக்குக் கேமரா மெஷின் வந்து இறங்கியது. மற்றப் பெண்கள் அழுதார்கள். இவள் மெஷினைப் பொருத்த வந்த ஆளிடம் போய், "இது எந்தப் பக்கத்துலருந்து வெளிச்சம் அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒன் சோத்துல மண்ணள்ளிப் போட வந்த மெஷினு. அதுகிட்டப் போயி சொகம் விசாரிக்கிறியா?" என்றார் புருஷன் முனுசாமி. ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸைத் தவிர எதையும் திறந்து பார்க்க மாட்டார்.

ஆனால் அந்த வாய்தான் அவளைக் காப்பாற்றியது. வேலை போனவர்களுக்கு இரண்டு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தார்கள். அதில் இவள் கேட்ட கேள்விகளைக் கேட்டு வாத்தியாருக்குத் தலை சுற்றியது. அவரே சொல்லித்தான் பாயான் பாருவில் இந்த இடம் கிடைத்தது. மற்றக் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி. கடை வரிசையின் மூன்றாவது மாடி, குளிர்சாதன அறை, சுவர் அகலத்துக்கு ஒரு திரை.

அவள் பங்குக்கு வந்தது ஓர் எக்ஸ்பிரஸ் பஸ் கம்பெனி. டிக்கெட்டெல்லாம் இணையத்தில்தான். அதற்கு நான்கு சர்வர். வருகிற சனத்தை நான்கிலும் பிரித்துவிட முன்னால் ஒன்று நிற்கும். அதற்குப் பெயர் லோட் பேலன்சர். கோயில் அன்னதானத்தில், எந்த வரிசையில் ஆள் குறைவோ அங்கே போங்கள் என்று கைகாட்டுகிறவர் இருப்பாரே, அந்த வேலைதான். யார் கையில் ஆள் குறைவோ அவருக்கு அடுத்த ஆள். இது ஒழுங்காக நடக்கிறதா என்று ஒரு மென்பொருள் கவனித்துத் திரையில் கோடு கோடாகப் போடும். அந்தக் கோட்டைப் பார்ப்பது குணவதி.

மூன்று மாதம் புரொபேஷன். வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் நன்றி, போய் வாருங்கள்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கறுப்புப் புள்ளி. முதல் தடவை பராமரிப்புக்காக ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள். அதைச் சொல்லி முன்கூட்டி வந்த கடிதத்தைப் படிக்காமல் சுகுமாரனைக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டாம் தடவை கோடு அறுந்துபோனது. பார்த்தால் இவர்கள் அறையிலேயே ஒரு வயர் கழன்று கிடந்தது. சுகுமாரன் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயா அலுவலகத்தில். ஐம்பத்திரண்டு வயது, முன்கோபி. அன்றைக்குப் பாலம் தாண்டி வந்து வயரைச் செருகிவிட்டுச் சொன்னார்:

"இந்தா பாரும்மா குணவதி. செவப்பு வந்தா கூப்புடு. இனிமே பச்சையில கூப்புட்ட, நான் ரிப்போர்ட்ல எழுதிருவேன். அப்புறம் என்னைய குத்தம் சொல்லக்கூடாது."

திங்கட்கிழமை. பள்ளி விடுமுறைக்கான டிக்கெட் காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. திரை முழுக்கப் பச்சை. நான்கு சர்வரும் ஆளுக்கு மூன்று, நான்கு பேரைக் கையில் வைத்துக்கொண்டு சமமாக நின்றன. தராசு பிடித்த மாதிரி.

ஒன்பதே காலுக்குப் பக்கத்து மேசையில் ஃபஸீலாவின் டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. அதே பஸ் கம்பெனிக்கு வருகிற புகாரைக் கேட்பது அவள் வேலை.

"இல்லைங்க, எங்க பக்கம் எல்லாம் ஓகேலா. உங்க ஃபோன் லைன் பாருங்க," என்று வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "குணாக்கா, ஒம்பதாவது ஆளு. பக்கம் எல்லாம் வெள்ளையா வருது, வெள்ளையா வருதுங்கிறானுங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல லைன் கெட்டுப்போச்சா?"

"இங்க பச்சையாத்தான் இருக்கு."

"அப்ப நல்லதுக்கா. பச்சைய ஃபிரேம் போட்டு மாட்டுவோம்."

குணவதி சிரிக்கவில்லை. வேறொன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. சாதாரணத் திங்களிலேயே ஒவ்வொரு சர்வரும் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்திருக்கும். இன்றைக்கு விடுமுறை டிக்கெட். ஊரே முண்டியடிக்கிற நாளில் மூன்று நான்கு பேர்தானா? மிச்சச் சனம் எங்கே போனது?

அவள் பார்க்க வேண்டியவை என்று கொடுத்த பட்டியலில் மென்பொருளின் ஒரே ஒரு பக்கம்தான் உண்டு. மற்றப் பக்கங்களைத் திறக்காதே என்று யாரும் சொல்லவில்லை. திற என்றும் சொல்லவில்லை. திறந்தாள். ஒவ்வொரு சர்வரும் நிமிஷத்துக்கு எத்தனை பேருக்கு வேலை முடித்து அனுப்பியது என்று ஒரு பக்கம். ஒன்று, இரண்டு, நான்கு: ஆளுக்குத் தொண்ணூறு சொச்சம். மூன்றாம் நம்பர்: தொள்ளாயிரம்.

"அல்லா, இது என்னா இப்புடி ஓடுது," என்றாள் ஃபஸீலா எட்டிப் பார்த்து. "இதுக்கு போனஸ் குடுக்கலாம்."

அந்தச் சொல்லில் குணவதியின் கை நின்றது.

ஃபேக்டரியில் அவளுக்குப் பக்கத்து மேசை நஜ்வாவுடையது. எட்டுப் பேர் பார்ப்பார்கள். போர்டு அடுக்கிய தட்டுகள் நடுவில் இருக்கும். யார் மேசை காலியாகிறதோ அவளுக்கு அடுத்த தட்டு. மற்றவர்கள் ஒரு நாளைக்கு முப்பத்தைந்து தட்டு முடித்தால் நஜ்வா எழுபது முடிப்பாள். அந்த வருஷம் சிறந்த தொழிலாளி அவள்தான், நோட்டீஸ் போர்டில் படம் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த குணவதி மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். மைக்ராஸ்கோப்பைக் கூர்மையாக்கத் திருகுகிற குமிழில் நஜ்வாவின் கை படுவதே இல்லை. போர்டை வைப்பாள், முத்திரை குத்துவாள், எடுப்பாள். பார்க்காதவளுக்குத்தான் மேசை சீக்கிரம் காலியாகும். சீக்கிரம் காலியானதால் அவளுக்கே இன்னும் தட்டு.

நமக்கென்ன என்று குணவதி வாயை மூடிக்கொண்டாள். எதையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் போர்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. எட்டுப் பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம்.

அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். எவ்வளவு சரக்கு, அதாவது தகவல், வெளியே போகிறது என்று காட்டும் பக்கம். மற்ற மூன்றிலும் கோடு மலை மாதிரி ஏறியிருந்தது. மூன்றாம் நம்பரில் தரையோடு தரையாகக் கிடந்தது. தொள்ளாயிரம் பேரை அனுப்பியிருக்கிறது, ஆனால் ஒருவர் கையிலும் ஒன்றும் கொடுக்கவில்லை.

"ஃபஸீலா, ஒன் ஃபோன்ல அந்தப் பக்கத்தத் தொறந்து பாரு. பத்து வாட்டி."

ஃபஸீலா எண்ணிக்கொண்டே தட்டினாள். ஏழு தடவை வெள்ளை. மூன்று தடவை டிக்கெட் பக்கம்.

"கூப்புடப் போறீங்களாக்கா? பச்சையா இருக்கேக்கா. வெள்ளிக்கெழமை..."

"தெரியும்."

டெலிபோனை எடுத்தாள். செபராங் ஜெயா நம்பரை அழுத்தினாள்.

"என்னா கலரு?" இதுதான் சுகுமாரனின் முதல் வார்த்தை.

"பச்சைதான்ணே."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. "நான் அன்னிக்கே என்னா சொன்னேன்?"

"எழுதிக்கோங்கண்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணாம் நம்பரு வேலைய முடிச்சு அனுப்புதா, இல்ல கதவத் தொறந்து வெரட்டிவிட்டுட்டு முடிச்சேங்குதா? ரெண்டும் நம்ம திரையில ஒண்ணாத்தானே தெரியும்?"

"டிக்கெட் பக்கம் எனக்குத் தொறக்குதே. இப்பத்தான் பாத்தேன்."

"ஒரு வாட்டி பாத்திருப்பீங்க. பத்து வாட்டி பாருங்க. நிமிசத்துக்குத் தொள்ளாயிரம் பேர அனுப்புது, வெளிய ஒண்ணும் போவல. சீக்கிரம் வெரட்டுறதால கை காலியா இருக்கு. கை காலியா இருக்கவும் மேல மேல அதுக்கே ஆளு போவுது."

மறுபக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சுகுமாரன், தனக்குத்தானே சொல்வது போல, "சனிக்கெழமை அப்டேட் போட்டோம்..." என்றார். "டிக்கெட் கணக்கு இருக்குற டேட்டாபேஸ் கதவு அதுக்கு மட்டும் பூட்டிக் கெடக்கு. ஆனா அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ ஒவ்வொரு சர்வரையும் நாங்க கேக்குறோமே."

"என்னா கேப்பீங்க?"

"இருக்கியான்னு."

"அது இருக்கத்தானேண்ணே செய்யுது."

மூன்றாம் நம்பரை வரிசையிலிருந்து எடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் ஃபஸீலாவின் டெலிபோன் அடங்கியது. ஆனால் மிச்சம் மூன்று சர்வரும் திடீரென்று முப்பது முப்பது பேரைத் தூக்கிக்கொண்டு திணற, திரை மஞ்சளானது. அந்த நேரம் பார்த்து ஹைக்கல் உள்ளே வந்தார்.

"என்னாக்கா செஞ்சீங்க? காலையில பச்சையா இருந்துச்சு."

"பச்சையா இருந்தப்ப டிக்கெட் கெடைக்கல பாஸ். இப்ப கெடைக்குது," என்றாள் ஃபஸீலா. ஹைக்கல் திரையை ஒரு தரம், இவர்களை ஒரு தரம் பார்த்தார்.

அடுத்த மூன்று நாளும் குணவதிக்கு ஒரே யோசனை. சம்பவம் நடந்தால் ரிப்போர்ட் எழுதுவது எஞ்சினியர். "இருக்கியா" என்று மட்டும் கேட்கும்படி அமைத்ததும் அதே எஞ்சினியர்தான். தன் பிழையை மனிதர் தானே எழுதுவாரா? சனிக்கிழமை அப்டேட் மேல் பழியைப் போட்டுவிட்டு, பச்சையில் கூப்பிட்டதை இன்னொரு வரியில் சேர்த்துவிட்டால் முடிந்தது கதை.

"எழுதுனா எழுதட்டும், ஒனக்கு பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிற வேல இருக்கு," என்றார் முனுசாமி. ஃபேக்டரி பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. அவர் ஆறுதல் சொல்கிற விதம் அது.

வெள்ளிக்கிழமை ஹைக்கல் ரிப்போர்ட்டை அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஆங்கிலம். அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள். இப்படி எழுதியிருந்தது: சோதிக்கும் முறை போதவில்லை, அதை அமைத்தது நான். இனி உள்ளே போய் ஒரு டிக்கெட்டைத் தேடிப் பார்த்துத்தான் சர்வர் நலமா என்று முடிவு செய்யப்படும். கண்டுபிடித்தவர் குணவதி, எல்லாம் பச்சையாக இருந்த நேரத்தில். கீழே சுகுமாரனின் கையெழுத்து. அதற்கடுத்த தாள் நிரந்தர வேலைக் கடிதம்.

குணவதி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடவில்லை.

"பாஸ், ஒரு சந்தேகம். நாலு சர்வரையும் லோட் பேலன்சர் பாக்குது. லோட் பேலன்சரே பொய் சொன்னா யாரு பாக்குறது?"

"அத சுகுமாரன்கிட்ட கேளுங்க," என்று ஹைக்கல் தப்பித்துக்கொண்டார்.

உடனே கூப்பிட்டாள்.

"என்னா கலரு?"

"பச்சைண்ணே."

"ம்," என்றார் சுகுமாரன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. "சரி, சொல்லு."