வளைவில் நின்ற பெண்

எங்கள் டீக்கடை கொல்லிமலைப் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே இருக்கிறது. கடையிலிருந்து வளைவு தெரியாது, நடுவில் ஒரு பாறை மறைக்கிறது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் இறங்கும் லாரிக்காரர்கள் கடை முன்னால் நிறுத்தி, டீ குடித்து, "போலாமுங்களா?" என்று கேட்ட பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். மூடுபனியில் ஹாரன் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே பிடிபடாது. முன்பெல்லாம் எங்களில் யாராவது ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வோம்.

அந்த ஓட்டத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் கேமரா வைத்தேன். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று பெயர், இதையாவது செய்வோமே என்றுதான். கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதை ஓட்ட சும்மா கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம், வளைவுக் கம்பத்தில் ஊர் பேர் தெரியாத ஒரு மலிவுக் கேமரா. அந்தக் கேமராவைச் செய்தவர்களுக்கு லினக்ஸ் என்று ஒன்று இருக்கும் நினைப்பே இல்லை. கேமராவையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் டிரைவர் நிரலை எங்கோ இருக்கும் ஒரு புண்ணியவான் குத்துமதிப்பாக எழுதி இணையத்தில் போட்டிருந்தார். படம் வந்தது. வந்ததே பெரிது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் கேமராக் கண்ணாடி மங்கிக் கிடந்தது. குடையோடு போய்த் துடைத்துவிட்டு வந்து அடுப்பு வேலையில் இறங்கிவிட்டேன். தகரக் கூரைமேல் மழை கொட்டியதில் வேறு எதுவும் காதில் விழவில்லை. கீழிருந்து வரவேண்டிய பஸ்ஸும் வரவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழை விட்டு மூடுபனி இறங்கிய நேரம் என் அண்ணன் கிழங்கு லோடோடு வந்து நிறுத்தினார். "போலாமா கண்ணு?" என்றார். திரையைப் பார்த்தேன். வளைவின் வெளி ஓரத்தில் ஒரு பெண் குடை பிடித்து முதுகு காட்டி நின்றிருந்தாள். "யாரோ நிக்கறாங்கண்ணா, போவட்டும், இருங்க" என்றேன்.

அவள் போகவில்லை. ஒரு காலை எடுத்து வைப்பாள், குடை லேசாக ஆடும். அடுத்த நொடி பழைய இடத்திலேயே நிற்பாள். மறுபடி அதே கால், அதே ஆட்டம். திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் டீயைக் குடித்து முடித்து, "என்னான்னு பாத்துட்டு வாரேன்" என்று இறங்கி நடந்தார்.

சற்று நேரத்தில் போன் வந்தது. "கம்பத்துக்கிட்டத்தான் நிக்கறேன். இங்க ஒருத்தருமே இல்லியே."

"உங்க முன்னாலதாண்ணா நிக்கறா."

"நடு ரோட்டுல நிக்கறேன் சாமி, கையாட்டறேன் பாரு."

திரையில் அண்ணன் இல்லை. அவள்தான் இருந்தாள், ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டு. அப்போதுதான் குடையைக் கவனித்தேன். கறுப்புக் குடையில் நான் தைத்த நீல ஒட்டு. காலையில் துடைத்துவிட்டுத் திரும்பிய என்னைத்தான் நான் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் வளைவில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"அண்ணா, அங்கியே நில்லுங்க. ஒரு எட்டு எடுத்து வெக்காதீங்க" என்று கத்தினேன். அவர் குனிந்து காலடியைப் பார்த்திருக்கவேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, இங்க பாதி ரோட்டக் காணோம்."

ஓடினேன். வளைவின் வெளி ஓரம் சரிந்து பள்ளத்தில் போயிருந்தது, கீழே பனிதான் தெரிந்தது. அண்ணன் மலைப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தார். படத்தில் நான் நின்ற இடத்தில் தரையே இல்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு இணையத்தில் அந்தப் புண்ணியவானைத் தேடிப் பிடித்து எழுதினேன், கொஞ்சம் காட்டமாகவே. மன்னிப்புக் கேட்டார். நான் துடைத்துவிட்டு நகர்ந்ததுமே மழையில் கேமரா நின்றுபோயிருக்கிறது. கேமராவிலிருந்து புதுப்படம் வராவிட்டால் வரவில்லை என்று சொல்லவேண்டிய நிரல், கையிலிருந்த பழைய படங்கள் நாலைந்தையே திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். கடிகாரத்தைத் திரையில் எழுதுவது வேறு நிரல், அதனால் அது நிற்கவில்லை. திருத்தி அனுப்பினார்.

அந்தப் பெண்ணை நினைத்து இப்போது எனக்குப் பயமில்லை. காலையில் நான் துடைக்கப் போகாமல் இருந்திருந்தால் என்பதுதான் பயம். யாருமில்லாத ரோடு திரையில் சுத்தமாக இருந்திருக்கும், "போங்கண்ணா" என்று நானே சொல்லியிருப்பேன்.

போன வாரம் மழையில் திரை கறுத்துவிட்டது. அண்ணன் எட்டிப் பார்த்து, "மறுபடியும் கெட்டுப்போச்சா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. இப்பத்தான் ஒழுங்கா வேல செய்யுது" என்றேன்.