ராகுகாலத்தில் கெட்ட அறுப்பு மெஷின் பட்டியல்

இன்று ஊர்ப் பாவத்தைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் அறுப்பு மெஷின் எந்த வயலுக்கு என்றைக்குப் போகும் என்ற பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அஞ்சாவது படித்த நான்தான் பதிகிறேன். மன்னார்குடிக் கடையில் என் கம்ப்யூட்டர், ஷெட்டில் மகனுடையது. இரண்டுக்கும் ஒரே பட்டியல்.

காலையில் என்னுடையதில் பட்டியல் புரோகிராமின் புது வெர்ஷன் போட்டேன். முடிப்பதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது.

"உன்னுதுல பன்னெண்டு மணிக்கு மேல போடுப்பா" என்று மகனிடம் சொன்னேன்.

அந்த இடைவெளியில் அவன் பழைய வெர்ஷனிலேயே நாலு பேரைப் பதிந்தான். அதோடு பட்டியல் இரண்டிலும் திறக்கவில்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"அப்பாயி, பழசும் புதுசும் ஒரே ஃபைல்ல எழுதினா கெட்டுப்போயிடும். காப்பி எடுத்து வச்சீங்களா?"

"ரெண்டு கம்ப்யூட்டர்லயும்தான் இருக்கேன்னு விட்டுட்டேன்டி."

"போச்சு அப்பாயி."

வெளியே மழை கட்டி நிற்கிறது. கதிரெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. முன் வயலை அறுக்காமல் உள் வயலுக்கு மெஷின் போக வழியில்லை. வரிசை தப்பினால் உள்ளே இருப்பவர் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

கடை வாசலில் ஒருவர் அழாத குறை. "அம்மா, நாளைக்கு எனக்குன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

எழுதினேனா? நினைவில்லை.

பதிந்தவர்கள் உங்கள் நாளையும், யார் வயல் வழியாக மெஷின் வரவேண்டும் என்பதையும் கீழே எழுதுங்கள். நாளைக்கு முதல் வயல் தங்களுடையது என்று இதுவரை பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். மெஷின் ஒன்றுதான், சாமிகளா.