சத்தமில்லாமல் வந்த வண்டி

மண்ணூரில் 'மைலேஜ் டிரைவர்' என்றால்தான் கொம்பையாவைத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் மேனேஜருக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் கார். மற்றவர்கள் ஓட்டினால் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த அதே வண்டி, அவன் காலுக்கு இருபத்தைந்து கொடுத்தது.

மந்திரம் ஒன்றுமில்லை. தூரத்தில் சிக்னல் சிவப்பானதுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். பிரேக்கை அழுத்தாமல் இழைத்து மிதிப்பான். குறைகிற வேகமெல்லாம் பேட்டரிக்குப் போய்ச் சேரும். சாயங்காலம் படப்பையில் மேனேஜரை இறக்கிவிட்டு மண்ணூர் திரும்புவான். தெருவுக்குள் நுழைந்ததும் இன்ஜின் அணைந்து, வண்டி பேட்டரியில் மட்டும் நழுவும். அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தில் டாஷ்போர்டுத் திரையில் மைலேஜ் எண் ஒரு புள்ளி ஏறுகிறதா என்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு குஷி.

"அந்த நம்பரப் பாத்தாத்தான் ஒமக்குச் சோறு எறங்கும்," என்று மனைவி செல்லக்கனி கேலி செய்வாள்.

எதிர்வீட்டுக் கங்கம்மாள் ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவள். இவர்கள் வந்த புதிதில் வீட்டுக்காரரிடம் பேசி வீடு பிடித்துக் கொடுத்ததே அவள்தான். செல்லக்கனி டெங்குவில் கிடந்தபோது, ஷிப்ட் முடிந்த அலுப்போடு வந்து ரசம் வைத்துக் கொடுத்தாள். கொம்பையா அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான்.

ஆவணியில் ஒரு சாயங்காலம். கங்கம்மாள் தெருவோரக் கொடியில் துவைத்த போர்வையைப் போட்டாள். ஒரு பக்கம் தாழ்ந்து தொங்குகிறதா என்று பார்க்கப் பின்வாக்கில் நகர்ந்தாள். முதுகுப் பக்கம் கொம்பையாவின் வண்டி வந்தது அவளுக்குக் கேட்கவேயில்லை. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது, இடித்ததும் பலமாக இல்லை. ஆனால் அவள் விழுந்த இடத்தில் சாக்கடையின் சிமென்ட் விளிம்பு இருந்தது. தலை அதில் மோதியது.

அவள் மகள் இசைவாணி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பின்சீட்டில் மகள் மடியில் தாயைக் கிடத்தி, கொம்பையா ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். இன்ஜின் கதறியது. அந்த வண்டியை அவன் ஒருநாளும் அப்படி விரட்டியதில்லை.

கங்கம்மாள் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

போலீஸ் வழக்குப் போட்டது. மேனேஜர் ஆள் பிடித்து ஜாமீனில் எடுத்தார். "நீ ஸ்லோவாத்தானே வந்த? அந்தம்மாதான் பின்னால பாக்காம வந்துட்டாங்க," என்றார். தெருவும் அதையே சொன்னது. ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தை கொம்பையாவுக்கு முள்ளாகக் குத்தியது.

காரியம் முடிந்த மறுநாள் இசைவாணி அவன் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ஏன் ஹாரன் அடிக்கல?"

"அம்மாடி, அவரு மெதுவாத்தான்..." என்று செல்லக்கனி குறுக்கே வந்தாள். கொம்பையா கையமர்த்தினான்.

"அக்காவ நான் பாக்கவே இல்லம்மா. ரோட்டயே பாக்கல. கண்ணு நம்பர்ல கெடந்துச்சு."

"இன்னா நம்பரு?"

"மைலேஜு."

அவள் அழவில்லை.

"எல்லாரும் எங்கம்மா மேலதான் தப்புன்னு சொல்லிக்கினு கீறாங்க மாமா. இத ஸ்டேஷன்ல சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

சொன்னான். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். லைசென்ஸ் போயிற்று, வேலையும் போயிற்று. எதிர்வீட்டுக் கதவைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்போது ஒரகடத்தில் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஏற்றி இறக்குகிறான். வழக்கு இன்னும் நடக்கிறது.

தை பிறந்த பிறகு ஒரு காலை, ஸ்ரீபெரும்புதூரில் ஷேர் ஆட்டோ ஏறப்போனவன் உள்ளே இசைவாணியைக் கண்டான். கம்பெனி யூனிபார்மில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அவன் தயங்கினான்.

"ஏறுப்பா, எவ்ளோ நேரம் நிப்ப," என்று ஆட்டோக்காரர் அதட்டினார்.

இசைவாணி பையை மடிக்கு இழுத்துக்கொண்டு சற்று நகர்ந்தாள். ஒரகடம் வந்தது. இறங்கும்போது அவன் பக்கம் திரும்பாமலே, "செல்லக்கனி அத்த நல்லா கீதா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள், ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தோடு சாலையைக் கடந்துவிட்டாள்.