ஆகஸ்ட் மாதத்துப் பச்சைத்தண்ணீர்

அந்தத் துணியில் ஒரு குற்றமும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று தமிழில் எழுதிப் போட்டீர்கள். ஆங்கிலத்தில் எழுதியவருக்காவது தெரியாது என்று ஒரு சாட்டு இருக்கிறது. உங்களுக்கு அதுவும் இல்லை.

பெயர் எழுத மாட்டேன். நீங்கள் எங்கள் குவில்ட் தையல் குழுவின் செயலாளர், சென்னைக்காரர், துபாயில் கராமாவில் இருபது வருடமாக இருக்கிறீர்கள். அவ்வளவு போதும். மற்றவர்களுக்கு விளங்க முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் முப்பது வருடம் இருந்தவள். கடவுச்சீட்டு பிரித்தானியாவுடையது. பொழுதுபோக்கும் அங்கே பழகியதுதான். குவில்ட் என்றால், துணிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அவற்றை மறுபடி ஒன்றாக இணைத்து, அடியில் பஞ்சு விரிப்பும் அதற்கடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. முழுசாக இருக்கிற துணியை ஏன் வெட்டுகிறாய், வெட்டினால் பிறகு ஏன் தைக்கிறாய் என்று என் கணவர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். அவருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்து நாங்கள் அஜ்மானுக்குக் குடிவந்த அன்று வெளியே நாற்பத்தைந்து டிகிரி. இந்த ஊரிலுமா போர்வை தைக்கப் போகிறாய் என்றார். இப்போது ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு என் போர்வைக்குள்தான் படுக்கிறார்.

துணி தேடித்தான் சீரழிந்தேன். பெரிய மால் ஒன்றில் கைவினைக் கடை என்று பலகை. உள்ளே பிளாஸ்டிக் பூ, பசை, மினுக்குத்தூள். ஒரு மூலையில் பருத்தித் துணி ஒரே ஒரு தட்டு. அதன் விலைக்குத் தைத்து முடித்த போர்வையே மூன்று வாங்கலாம். பிறகு ஷார்ஜாவில் துணிக்கடைத் தெரு. எந்தக் கடைக்குப் போனாலும் “நூறு பர்சென்ட் காட்டன், மேடம்.” பருத்தி நூலை எரித்தால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் உதிரும். கலப்பு என்றால் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொள்ளும். ஒரு கடையில் நூலை இழுத்து எரித்தேன். மணி கட்டியது. இது பருத்தி இல்லையே என்றேன். “காட்டன் மாதிரி, மேடம்” என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் லைட்டரோடு என்னைக் கண்டால் கடைக்குள் விடவில்லை.

கடைசியில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், அஜ்மானிலேயே, ஒரு கடை இருந்தது. கீழக்கரைக்காரர். ஒரு அரபுப் பங்காளியோடு சேர்ந்து நடத்துகிறார். எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி அவரை நானா என்றேன். அவர் ஊரில் அண்ணனுக்குக் காக்கா என்பார்களாம். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

“எத்தனை கெஜம், தங்கச்சி?”

“முப்பது நிறத்தில கால் கால் கெஜம் தாங்கோ, நானா.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “கால் கெஜத்துல என்ன தைப்பீங்க, பொம்மைக்குப் பாவாடையா?”

“போர்வை.”

“ஆளுக்கா?”

“ஓம், ஆளுக்குத்தான்.”

“முழுத் துணி அந்தா இருக்கு. ஒரே வெட்டு. ரெண்டு பேரும் நேரத்தோட வீட்டுக்குப் போயிரலாம்.”

ஆனால் வெட்டினார். முப்பது நிறமும் வெட்டினார். நான் கைப்பையிலிருந்து லைட்டரை எடுக்குமுன் அவரே நூலை இழுத்து எரித்துக் காட்டினார். “இதை எடுக்காதீங்க, இது கலப்பு. அந்தச் சுவத்துப் பக்கம் உள்ளதுதான் பருத்தி.” தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் குழுவில் சேர்ந்தேன். தலைவி ஆங்கிலேயப் பெண்மணி. துபாயில் வில்லா. முதல் நாள் கதவைத் திறந்தவர், காற்சட்டை நீளம் குறைத்துத் தருவீர்களா என்று என்னிடம் கேட்டார். நானும் உங்கள் நாட்டுப் பிரசைதான், குவில்ட் தைக்க வந்திருக்கிறேன் என்றேன். மிகவும் மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு, காற்சட்டையைத் திரும்ப மடித்து வைத்தார். நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள்.

நானாவின் கடையை நான்தான் சொன்னேன். மறுகிழமை குழுப் பக்கத்தில் கடையின் படம் வந்தது, தலைவி கண்டுபிடித்த கடை என்று. பரவாயில்லை என்று விட்டேன். பெண்கள் கார் கட்டி வந்தார்கள். நானா பங்காளியிடம் கெஞ்சிப் பேசி, ஒரு சுவர் முழுக்கப் பருத்தி இறக்கினார். லண்டனில் நாங்கள் பாவிக்கிற மாதிரிப் பஞ்சு விரிப்பும் எங்கிருந்தோ வரவழைத்தார். சிவப்புத் துணி வெட்டும்போது ஒவ்வொருவருக்கும் ஒன்று சொல்வார். “சிவப்பை மட்டும் ரெண்டு மூணு தண்ணி அலசிட்டுத் தைங்க. பச்சைத்தண்ணியில. சுடுதண்ணி காட்டிராதீங்க.” தலைவி அலசித் தைக்கிற கட்சி இல்லை. கடைக் கஞ்சி இருந்தால்தான் துண்டு நேராக வெட்டுப்படும் என்பார். அது அவருடைய இஷ்டம்.

ஆகஸ்டில் அவர் ஒரு தருமக் குலுக்கல் சீட்டுக்குப் பரிசாகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய போர்வை தைத்து முடித்தார். வீட்டில் வேலை செய்கிற பெண் அதை மெஷினில் போட்டாள். வெளியே வந்தபோது வெள்ளை முழுக்க ரோஸ் நிறம். மறுநாள் காலை பக்கத்தில் செய்தி: அந்த அஜ்மான் கடைச் சாயம் மட்டம், துணியும் பருத்தி இல்லை, யாரும் போக வேண்டாம். சாயம் போனதற்கும் பருத்திக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் அதைத் தமிழாக்கி, “கலப்படத் துணி விற்கும் ஏமாற்றுக்காரர்” என்று நீங்களாகவே ஒரு வரி சேர்த்து, இரண்டு தமிழ்ப் பெண்கள் குழுக்களில் போட்டீர்கள்.

நானும் ஒரு கிழமை வாயைத் திறக்கவில்லை. இந்தக் குழுவை விட்டால் குவில்ட் பற்றிக் கதைக்க எனக்கு இங்கே வேறு ஆள் இல்லை. அந்த வெட்கத்தோடுதான் கடைக்குப் போனேன். நானா போனை நீட்டினார்.

“தமிழ்லயும் வந்துருக்கு, தங்கச்சி. ஊர்லேருந்து தம்பி அனுப்பி, என்ன காக்கா இதுன்னு கேக்குறான்.”

“நான் சொல்லுறன் அவையளுக்கு.”

“என்னத்தைச் சொல்லுவீங்க. பங்காளி மாசக் கடைசிக்குள்ள சுவத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. இனி யூனிஃபார்ம் துணிதான், ஃபுல் பாலியஸ்டர். அதுல யாரும் கலப்படம்னு சொல்ல முடியாதுல்ல.” சிரித்தார். “துணி விக்காட்டிப் போகுது. பேரை எங்க போயி அலசுறது?”

அடுத்த வியாழக்கிழமை வில்லாவில் கூட்டம். பிற்பகல் மூன்று மணி. கை கழுவப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். கையை இழுத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் தேயிலை போடலாம். மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுக்க வெயிலில் கிடந்து வருகிற தண்ணீர். மெஷினுக்குள் போவதும் அதுதான். மெஷின் தண்ணீரைச் சூடாக்கும், குளிரவைக்கத் தெரியாது. பொத்தானில் ‘குளிர்’ என்று எழுதியிருந்தால் என்ன, எழுதாவிட்டால் என்ன?

தலைவியைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். அவர் விரலை வைத்துவிட்டு, ஏதோ பழுது, பராமரிப்புக்காரரைக் கூப்பிடுகிறேன் என்றார். மூன்று வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார். ஆகஸ்டில் அந்தக் குழாயைத் தொடுவது அன்றுதான் முதல் தடவை. மற்ற வருடங்களில் ஆகஸ்டில் இங்கிலாந்து போய்விடுவாராம். குடிக்கிற தண்ணீர் போத்தலில் வருகிறது, துணி வேலைக்காரப் பெண்ணின் கையில் போகிறது.

நான் உங்களைப் பார்த்தேன். நான் வந்த முதல் வருடம் எனக்குப் பாடம் சொன்னது நீங்கள்தானே. “ஜூன் வந்தா ஹீட்டரை ஆஃப் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் சுடுதண்ணி பைப்புலதான் பச்சைத்தண்ணி வரும், ஹீட்டர் வீட்டுக்குள்ள நிழல்ல இருக்குல்ல. பச்சைத்தண்ணி பைப்புல சுடுதண்ணி. இங்க எல்லாமே தலைகீழ்தான்.”

“அக்கா, நீங்களே சொல்லுங்கோ அவவுக்கு.”

“விடுங்கப்பா. அவங்க மனசு கஷ்டப்படுவாங்க.”

“நானாவின்ர மனசு?”

“கடைக்காரங்களுக்கு இதெல்லாம் சகஜம்ப்பா. கேக் எடுத்துக்கோங்க.”

தட்டை நீட்டினீர்கள். பிறகு தலைவியிடம் திரும்பி, நான் கையைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லி, மருந்து இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். நல்லவர்தான் நீங்கள். அன்று மாலையே குழுப் பக்கத்திலிருந்து என்னை நீக்கினார்கள். நீக்குகிற பொத்தான் தலைவியிடமும் உங்களிடமும்தான் இருக்கிறது. தலைவிக்கு அதை எங்கே அழுத்துவது என்று தெரியாது.

தலைவியைத் திட்டி நான் தமிழில் எழுதிப் பயனில்லை. அவருக்கு நான் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. இது உங்களுக்கு. அந்த வில்லாவுக்குள் கேக் வெட்டக் கூப்பிடுகிறார்கள் என்பதற்காக ஒரு மனிதனின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்ப வேண்டாம். நேற்று அனுப்பிய பூப்படமும் வேண்டாம். எந்த இரண்டு குழுக்களில் போட்டீர்களோ, அதே குழுக்களில், எல்லாரும் பார்க்க, தமிழிலேயே பதில் எழுதுங்கள். அந்தக் கடைத் துணியில் ஒரு நூலையாவது எரித்துப் பார்த்தீர்களா? எதைக் கண்டு கலப்படம் என்று எழுதினீர்கள்? அந்த ‘ஏமாற்றுக்காரர்’ என்ற வரியை எழுதச் சொன்னது யார்? சுவரைக் காலி செய்ய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் எழுதுங்கள்.