முகம் நீக்கிய என் மூளைப் படம்

உப்பளத்து வெயில் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர்களுக்காக, மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் நானும் ஸ்கேன் எடுக்கப் போனேன். படத்தை வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் கொடுக்கலாமா என்று ஆராய்ச்சி செய்யும் பெண் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. துபாயில் இருக்கும் கோட்டக்குப்பத்து நண்பன் பார்த்தால், மண்டைக்குள் ஒன்றுமில்லை என்று ஊருக்கே சொல்லிவிடுவானே.

“வேணாம்மா. மூஞ்சிய வச்சே கண்டுபிடிச்சிடுவான்” என்றேன்.

அவர் திரையைத் திருப்பினார். எடுத்திருந்த என் படத்தில் முகமும் இல்லை, பெயரும் இல்லை. “எல்லார் படத்தையும் இப்படித்தாங்க ஒரே மாதிரி அடுக்கி வைக்கிறோம். எந்த ஊர் ஆய்வாளரும் எங்ககிட்ட விளக்கம் கேட்காமலே புரிஞ்சு படிக்கலாம்.” ஒவ்வொரு படத்திலும் முகத்தை நீக்கி அடுக்கும் அந்தப் பொறுமையில் அசந்துபோனேன்.

கூட வந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். “இந்த மூஞ்சிய எடுத்துட்டதே பெரிய உதவிம்மா. குடுத்துடுங்க.”

சம்மதித்தேன். படம் எடுக்கிறார்களே என்று காலையில் மீசைக்கு அடித்த டைதான் வீண்.